பாஸ்வேர்ட் காவடி எடுத்த நாள்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

முப்பத்தோரு வயதில் ரிட்டயர் ஆனவன் என்று என்னைக் கிண்டல் செய்கிறீர்கள். செய்யுங்கள். இறம்பொடைப் பக்கம் லைன் இழுக்க ஏறிய ஒரு கூரையிலிருந்து வழுக்கி விழுந்து முழங்கால் போன பிறகு என்னால் ஏணி ஏற முடியாது. ஆனால் வாய் நன்றாகத்தான் இருக்கிறது, கையும் ஓடுகிறது. நேற்று உங்களில் ஒருவர் கேட்ட கேள்விக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: "வைஃபை பாஸ்வேர்ட் தெரியலைன்னு கூப்பிடுற வீட்டுக்குப் போனா முதல்ல என்ன செய்யணும்?"

ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னத் துவாரத்தில் குண்டூசியைக் குத்தாதீர்கள். முதலில் செய்யவேண்டியது இதைச் செய்யாமல் இருப்பதுதான். ரீசெட் பட்டன் ஒரு பாஸ்வேர்டை மட்டும் அழிப்பதில்லை. லைன் கொடுத்தவர்கள் அந்த வீட்டுக்கென்று தந்த பெயர், ரகசிய எழுத்து எல்லாவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடும். அப்புறம் விளக்கு எரியும், ஆனால் இன்டர்நெட் வராது. வீட்டுக்காரர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் ரவுட்டரைப் பார்ப்பீர்கள்.

பாஸ்வேர்ட் பெரும்பாலும் தொலைவதில்லை. எங்கேயோ இருக்கும். ரவுட்டரின் வயிற்றில் ஒட்டிய தாளில், ஏற்கெனவே லைன் கிடைக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில், கலண்டர் ஓரத்தில், இல்லாவிட்டால் ஒரு மனிதரின் தலைக்குள். கடைசியில் சொன்ன இடம்தான் கஷ்டமானது. அந்த மனிதர் வாயைத் திறக்க முடியாத நிலையில் இருந்தால் என்ன செய்வது? நான் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், நம் பக்கத்து வீடுகளுக்கு வைஃபை வர ஆரம்பித்த புதிது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெக்டரி எலக்ட்ரீஷியனாக இருந்தவர் லிங்கம் அண்ணன். தோட்டம் கொடுத்த குவாட்டஸ் வீடு. அம்மா, தங்கச்சி வசந்தி, அவர் என்று மூன்றே பேர். வசந்தி மண்ணைப் பற்றிப் படித்தவள். மழை விழுந்தால் மலை ஏன் சரிகிறது, எங்கே தொழிலாளர் லயம் கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு முழுச் செலவோடு இடம் கேட்டு எழுதியிருந்தாள். அதற்காகவே அண்ணன் வீட்டுக்கு லைன் எடுத்தார். போட்டுக் கொடுத்தது நான்.

நேர்முகத் தேர்வு வீடியோவில். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்று அவர்கள் அறிவித்தார்கள். அதே வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் திருவிழா. "தேதியை மாத்தக் கேளு" என்று நான் சொன்னேன். "முதல்லயே மாத்தக் கேக்குறவளைத் தேர்வு செய்வாங்களா?" என்றாள். அதுவும் நியாயம்தான்.

திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். லீவு நாள். வேட்டி, சட்டை, தோளில் சால்வை. கருவிப் பையைத் தலவாக்கலையில் கடையிலேயே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். கோவிலடியில் இறங்கும்போதே போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" வசந்தி.

"கோயிலுக்கிட்ட. சாப்பாடு ரெடியா?"

"சாப்பாடு கிடக்கட்டும். லைன் இல்லை. உடனே வீட்டுக்கு வாங்க."

போனேன். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. மேசையில் லெப்டொப் திறந்திருக்கிறது. வசந்தி சேலை கட்டி, தலை வாரி, தயாராக இருக்கிறாள். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. லெப்டொப்போ பாஸ்வேர்ட் தப்பு என்கிறது. நான் போட்டுக்கொடுத்த பாஸ்வேர்ட் எனக்கு ஞாபகம் இருந்தது. அடித்தேன். தப்பு. பெரிய எழுத்தில் அடித்தேன். தப்பு.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கிளாக்கரய்யா தலையை நீட்டினார். தோட்டத்து ஒபிஸில் கணக்கு எழுதும் கிளாக்கர், பக்கத்துக் குவாட்டஸ்.

"ஏம்மா வசந்தி, லைன்ல ஏதும் கோளாறா? நேத்து ராத்திரியிலேர்ந்து நம்ம வீட்டுக்கு வரலை. பாதிப் படத்துல நிக்குது."

வசந்தி என்னைப் பார்த்தாள். எனக்கு விளங்கிவிட்டது. கிளாக்கரய்யா லிங்கம் அண்ணனின் லைனில் பழைய படங்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தார். அவர் இறக்கும் நேரத்தில் இந்த வீட்டில் ஒரு ஈமெயில்கூடத் திறக்காது.

"அண்ணன் மாத்திட்டாரு" என்றாள் வசந்தி மெதுவாக. "இன்டர்வியூ நேரத்துல வேற யாரும் லைனை இழுக்கக்கூடாதுன்னு மாத்தியிருக்காரு. நேத்து நான் விளக்குப் பூசைக்குப் போயிருந்தப்ப வந்துட்டுப் போனாராம். அம்மா சொன்னாங்க."

"வந்தான், வாசல்ல நின்னுக்கிட்டே போனை நோண்டினான். விரதம்ல, கோயில்லயே தங்கியிருந்தான், வீட்டுக்குள்ள வரலை" என்றார் அம்மா. "காலையில தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லணும்னான். காலையிலதான் ஆத்துக்குப் போயிட்டாங்களே."

"சரி, அண்ணன்கிட்டயே கேட்டுட்டா முடிஞ்சுது. எங்க இருக்காரு?"

அம்மா கையை நீட்டிக் காட்டினார். வெகுதூரத்தில், ஆற்றங்கரைப் பக்கம், தப்பு மேளச் சத்தம் கேட்டது.

லிங்கம் அண்ணன் காவடி எடுத்திருந்தார். அதுவும் வாய்ப்பூட்டு அலகோடு. ஒரு கன்னத்தில் நுழைத்து மறு கன்னத்தில் எடுத்த சின்ன வேல். அதைப் போட்ட நொடியிலிருந்து கோயில் வாசலில் உருவும் வரைக்கும் ஒரு சொல் பேசக்கூடாது. எழுதிக் காட்டக்கூடாது. சைகைகூடக் கூடாது. கோயிலுக்கு வந்துசேர எப்படியும் நாலு மணியாகும்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் அன்றைக்கு ஒரு கணம் வந்தது. வசந்தியின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அண்ணனின் போன் அம்மாவின் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். லைன் பிடித்திருக்கிறது. ஆனால் பாஸ்வேர்ட் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக நட்சத்திரங்கள். ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றால், அந்தப் பூட்டையும் மாற்றியிருந்தார். எலக்ட்ரீஷியன் ஆயிற்றே, அரைகுறையாக எதையும் செய்யமாட்டார். அந்தச் சின்ன போன் திரையில் வீடியோவும் ஓடாது.

லைன் கொடுத்த கம்பனியின் ஹொட்லைனுக்கு எடுத்தேன். ரீசெட் செய்தால் இந்த வீட்டு லைனின் விவரத்தைத் திரும்பத் தருவீர்களா என்று சிங்களத்தில் கேட்டேன். அந்தப் பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். தரலாம், ஆனால் லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பேசவேண்டும் என்றாள்.

"அவரால் பேச முடியாது மிஸ்."

"சுகமில்லையா?"

"சுகமாகத்தான் இருக்கிறார். வாயில் வேல் போட்டிருக்கிறார்."

"அப்படியென்றால் எடுத்த பிறகு பேசச் சொல்லுங்கள்" என்றாள்.

குண்டூசி கைக்கு வந்துவிடும் கட்டம் இதுதான். வசந்தியே சொன்னாள்: "ரீசெட் பண்ணிப் பாருங்களேன்." பதற்றத்தில் இருக்கும் வீட்டுக்காரர் கேட்கும் முதல் பரிகாரம் அதுதான். நாமும் ஏதாவது செய்துகொண்டிருப்பதாகக் காட்டவேண்டும் என்ற அவசரத்தில் செய்துவிடுவோம். நான் கையைக் கட்டிக்கொண்டேன். இப்போது நமக்குக் கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ரீசெட் செய்தால் வீடே இருக்காது.

அம்மா எழுந்துவிட்டார். "நீங்க போயி அவன்கிட்டக் கேட்டுட்டு வாங்க தம்பி. காதுல கேளுங்க. ஒரு எழுத்து ஒரு எழுத்தாச் சொல்லுங்க, அவன் கண்ணை மூடித் திறக்கட்டும். சாமிக் குத்தம்னா அது என் தலையில விழட்டும்."

உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் எழுத்துகளைக் காட்டினால் கண்ணாலேயே சொல்லிவிடமாட்டாரா? ஒரு கால் வாசலில் வைத்துவிட்டேன்.

"நில்லுங்க" என்றாள் வசந்தி.

திரும்பிப் பார்த்தேன். அவள் குரல் உயரவில்லை.

"அண்ணன் எதுக்கு அலகு போட்டிருக்காருன்னு தெரியுமா? எனக்கு இந்த இடம் கிடைக்கணும்னு. போன வருஷம் நேர்ந்துகிட்டது. அவரு ஊசின்னாலே ஓடுறவரு. ஆஸ்பத்திரியில ஊசி போட நாலு பேரு பிடிக்கணும். அந்த மனுஷன் கன்னத்துல வேல் குத்திக்கிட்டு நடந்து வர்றாரு. எனக்காக எடுத்ததை நானே போயிக் கலைக்கவா?"

"அப்ப இன்டர்வியூ?" என்றார் அம்மா. அழுகை வந்துவிட்டது.

"நேர்த்திக்கடனும் முடியணும், இன்டர்வியூவும் நடக்கணும். ரெண்டுல ஒண்ணை விடச் சொல்லி யாரும் என்கிட்ட வராதீங்க." என் பக்கம் திரும்பினாள். "வேற வழி பாருங்க. அதுக்குத்தானே இந்த வேலைக்கு வந்தீங்க?"

நம் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய திட்டு இது. இதைவிட நல்ல பாடமும் கிடைத்ததில்லை. அதுவரை நான் பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எப்படிப் பிடுங்குவது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது பாஸ்வேர்டா? மூன்று மணிக்கு ஒரு லைன், அவ்வளவுதான். பாஸ்வேர்ட் காற்றில் வரும் லைனுக்குத்தான் காவல். வயரில் வரும் லைனுக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு முனையை ரவுட்டரில் குத்து, மறுமுனையை லெப்டொப்பில் குத்து. முடிந்தது.

"ரவுட்டர் பெட்டியில ஒரு வயர் வந்துச்சே, மஞ்சள் கலர், அது எங்க?"

பெட்டியை இறக்கினார்கள். காகிதம் இருந்தது, பை இருந்தது, வயர் இல்லை.

"மஞ்சக் கயிறா?" என்றார் அம்மா. "தடிச்ச கயிறு, ரெண்டு பக்கமும் கண்ணாடிக் கொண்டை வச்சது?"

"அதேதான்!"

"அதைத்தான் வேலைக்கு ஆகாதுன்னு சொன்னீங்களே. கயித்துல வர்ற லைன் இல்லை, காத்துல வர்றதுன்னு. தண்ணிப் பந்தலுக்குக் கயிறு பத்தலைன்னு வந்து கேட்டாங்க. குடுத்துட்டேன்."

பந்தல் கோயில் ரோட்டின் வளைவில் இருந்தது. ஓடினேன். அப்போது எனக்கு முழங்கால் இருந்தது. பந்தலுக்குள் மோர்ப் பானை, சர்பத் வாளி, நல்ல கூட்டம். மேலே நீலத் தார்ப்பாய். அதன் ஒரு மூலையைச் சவுக்குத் தடியோடு சேர்த்து இழுத்துக் கட்டியிருந்தது நம் மஞ்சள் வயர். ஒரு முனை வேப்பிலைத் தோரணத்துக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. நான் முடிச்சில் கை வைத்தேன்.

"ஏய், யாருய்யா அது பந்தல்ல கை வைக்கிறது?" பந்தல் பொறுப்பாளர். பெரிய மீசை, கையில் மோர் அகப்பை.

"அண்ணே, இந்த வயர் வேணும்."

"நல்லாருக்கே கதை. அதுலதான்யா பந்தலே நிக்குது. காவடி வளைவுக்கு வந்துருச்சு, இவரு பந்தலைப் பிரிக்கிறாராம்!"

"வசந்திக்கு இன்டர்வியூ அண்ணே. மூணு மணிக்கு. இது இல்லாம நடக்காது."

"எந்த வசந்தி? எலக்ட்ரீஷியன் தங்கச்சியா? மண்ணுப் படிச்ச புள்ளையா?" அகப்பையை வாளிக்குள் போட்டார். "அதை முதல்ல சொல்ல வேண்டியதுதானே, பேசிக்கிட்டு நிக்கிறீங்க! ஏய், வாங்கடா இங்க, ஆளுக்கொரு பக்கம் பந்தலைப் பிடிங்க!"

நாலைந்து பேர் தூண் மாதிரி நின்று தார்ப்பாயைக் கையால் தாங்கினார்கள். நான் பல்லாலும் நகத்தாலும் முடிச்சை அவிழ்த்தேன். வயரைச் சுருட்டிக்கொண்டு திரும்பினால், எதிரே காவடி.

தப்புக்காரர்கள் முன்னால். பின்னால் மஞ்சள் வேட்டியில் லிங்கம் அண்ணன், தோளில் காவடி, கன்னத்தில் வேல். ஆடி ஆடி வந்தவர் பந்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வயரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கு அந்த இடத்தில் தெரிந்தால் அவர் நேர்த்தியை முடிப்பாரா, வாயைத் திறப்பாரா? எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை அவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட முடியாததால் தலையைக் குனிந்து வழிவிட்டு, வீட்டுக்கு ஓடினேன்.

மூன்று மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வயர் கட்டை, மேசை வரைக்கும் எட்டவில்லை. மேசையை ரவுட்டருக்குக் கீழே இழுத்துப் போட்டோம். லெப்டொப்பில் குத்தினேன். லைன் வந்தது, உடனே போனது. முடிச்சுப் போட்டு இழுத்ததில் அந்தக் கண்ணாடிக் கொண்டையின் சின்ன நாக்கு முறிந்திருந்தது. நாக்கு இல்லாவிட்டால் அது துவாரத்தில் நிற்காது. விரலால் அழுத்திப் பிடித்தேன். வந்தது. விட்டேன். போனது.

"பிடிச்சுக்கிட்டே இருங்க" என்றாள் வசந்தி.

"எவ்வளவு நேரம்?"

"முடியுற வரைக்கும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேசைக்குக் கீழே போனேன். கையை மேலே லெப்டொப்புக்கு நீட்டி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன். கிளாக்கரய்யா தானாகவே வாசலில் காவலுக்கு நின்றார். வருகிறவர்களை எல்லாம் "உஸ், பரீட்சை நடக்குது" என்று விரட்டினார்.

மேலே குரல்கள் கேட்டன. மூன்று பேர் கேட்டார்கள், வசந்தி சொன்னாள். நிதானமான ஆங்கிலம். முதல் கேள்விக்குக் கொஞ்சம் தடுமாறினாள், பிறகு சரியாகிவிட்டாள். சரிவான நிலத்தில் தண்ணீர் எப்படி உள்ளே இறங்குகிறது என்பதைத் தன் தோட்டத்தை வைத்தே விளக்கினாள். என் கை மரத்துப்போயிற்று. மறுகையால் இந்தக் கையைத் தாங்கிக்கொண்டேன். அப்போதுதான் தப்புச் சத்தம் வீட்டுக்கு மேல் ரோட்டுக்கு வந்துவிட்டது. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டார்: "அது என்ன சத்தம்?"

"எங்கள் கோயில் திருவிழா. என் அண்ணன் ஊர்வலத்தில் போகிறார். நான் உங்கள் முன்னால் நன்றாகப் பேசவேண்டும் என்பதற்காக அவர் இன்று பேசாமல் நடக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. "எங்களுக்குக் காட்ட முடியுமா?" என்றார் இன்னொருவர், ஆசையாக.

"மன்னிக்கவேண்டும் சார். கம்ப்யூட்டரைத் திருப்ப முடியாது. வயர் கட்டை" என்றாள் வசந்தி. மேசைக்குக் கீழே ஓர் ஆள் இருப்பதை அவள் சொல்லவில்லை.

அவளுக்கு அந்த இடம் கிடைத்தது. போனாள், படித்தாள். இப்போது மலைச்சரிவுகளைப் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அது அவள் திறமை. அதில் எனக்குப் பங்கு கேட்கமாட்டேன்.

இதில் நம் வேலைக்கு என்ன இருக்கிறது? கலியாண வீட்டுக்குப் போனாலும் ஒரு வயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். ஒரு வீட்டின் பாஸ்வேர்ட் ஒரே ஒருவருக்குத் தெரிந்தால் அது தெரியாததற்குச் சமம். போட்டுக்கொடுக்கும்போதே இரண்டு பேரைக் கூப்பிட்டு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்கிறவராக இருக்கட்டும்.

இன்னொன்று. பாஸ்வேர்டை மாற்றித் தாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால், ஏன் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் திருடனுக்குப் பயந்து மாற்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல முடியாமல்தான் மாற்றுகிறோம். கறிவேப்பிலை கேட்டால் கொடுக்கிற மாதிரி பாஸ்வேர்டும் கேட்டால் கொடுத்துவிடுவது, பிறகு சத்தமில்லாமல் மாற்றிவிட்டு லைன் கோளாறு என்பது. "வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு இன்டர்வியூ, அன்னைக்கு மட்டும் படம் இறக்காதீங்க ஐயா" என்று கிளாக்கரய்யாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாசலில் காவலுக்கு நின்ற மனிதர் அவர். மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்?

இதையெல்லாம் லிங்கம் அண்ணனிடம் அன்றைக்கே சொல்லலாம் என்றுதான் கோயிலுக்குப் போனேன். வசந்தியும் அம்மாவும் கூட வந்தார்கள். எனக்குக் கை தோளிலிருந்து தனியாகத் தொங்கியது.

கோயில் வாசலில் காவடியை இறக்கினார்கள். பூசாரி வேலை உருவி, இரண்டு கன்னத்திலும் திருநீற்றை அப்பினார். அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது. தாடையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. கூட்டத்துக்குள் வசந்தியைத் தேடிப் பிடித்தார்.

"லைன் எப்படி? வேகமாப் போச்சா?"

அம்மா வாயைத் திறந்தார். வசந்தி அவர் கையை அழுத்தினாள்.

"சூப்பராப் போச்சுண்ணே. ஒரு தடவகூட கட்டாகலை."

"எப்படிக் கட்டாகும்?" என்றார் லிங்கம் அண்ணன், கன்னம் நிறையத் திருநீறோடு, கோயிலுக்கே கேட்கிற மாதிரி. "நேத்தே நான் பாஸ்வேர்டை மாத்திட்டேன்ல!"

சொல்லிவிட்டு, நான் இந்த வேலை தெரிந்தவன் என்ற முறையில், என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.